மண்மேட்டைச் சுற்றிப் போகும் வழி

டெலிவரி வேலை பார்க்கும் ஓர் இளைஞரின் பையில் இன்று 20 பார்சல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கிளம்பி உரிகம், சாம்பியன் ரீஃப்ஸ், மாரிகுப்பம், கோரமண்டல் என்று சுற்றி, அத்தனையையும் கொடுத்துவிட்டு, பெட்ரோல் அதிகம் கரையாமல் திரும்பியாக வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் போவது, அடுத்து எங்கே? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் 20 வீடுகளை வரிசைப்படுத்த 24,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட விதங்கள் உண்டு. நொடிக்கு 100 கோடி வரிசைகளைச் சரிபார்க்கும் கணினியிடம் கொடுத்தாலும், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க 77 ஆண்டுகள் ஆகும். பையில் இன்னும் ஐந்து பார்சல் சேர்ந்துவிட்டால் 49 கோடி ஆண்டுகள்.

அவரோ பத்து நிமிடத்தில் பையை அடுக்கி வண்டியைக் கிளப்பிவிடுவார். அவர் போட்ட வரிசைதான் ஆகச் சிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மோசமானது என்றும் சொல்ல முடியாது. அனுபவத்திலிருந்து பிறந்த சில விதிகளை வைத்து, போதுமான அளவு நல்ல விடையைச் சீக்கிரமாகக் கண்டுபிடித்துவிடுகிறார். கணினி அறிவியலில் இதற்கு ஹியூரிஸ்டிக் என்று பெயர். 'இதைவிட நல்லது கிடையவே கிடையாது' என்ற உறுதிமொழியை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நேரத்தை வாங்கிக்கொள்ளும் வழிமுறைகள் அவை.

துல்லியமான விடை கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். 1954-லேயே டான்ட்ஸிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூன்று கணிதவியலாளர்கள் அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடித்து, அதைவிடக் குறுகியது இல்லை என்று நிரூபித்தும் காட்டினார்கள். ஒரே ஆள், ஒரே பை என்றால் இன்றைய கணினி 20 வீடுகளுக்குத் துல்லியமான விடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். சிக்கல் வண்டிகள் பெருகும்போதுதான் வருகிறது. பத்து வண்டி, ஒவ்வொன்றுக்கும் எடை வரம்பு, சில வீட்டுக்குக் காலையில்தான் போக வேண்டும், சில வீட்டுக்கு மாலையில்தான் என்று நிபந்தனைகள் சேரச்சேர, துல்லியமான முறைகள் மூச்சுவாங்கத் தொடங்கிவிடும். 1959-இல் அதே டான்ட்ஸிக், ராம்ஸர் என்பவரோடு சேர்ந்து, பெட்ரோல் கிடங்கிலிருந்து பங்க்குகளுக்கு லாரிகளை எப்படி அனுப்புவது என்று ஒரு கட்டுரை எழுதினார். வாகனங்களுக்குப் பாதை வகுக்கும் கணக்கு ஒரு தனித் துறையானது அதிலிருந்துதான்.

அடுத்து 1964-இல் இங்கிலாந்தின் கிளார்க், ரைட் இருவரும் தந்த வழிமுறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தால் போதும், புரிந்துவிடும். டிப்போவிலிருந்து 'அ' வீடு 4 கி.மீ., 'ஆ' வீடு 5 கி.மீ. தனித்தனியாகப் போய் வந்தால் 8-உம் 10-உம் ஆக மொத்தம் 18 கி.மீ. இரண்டுக்கும் இடையே 1.5 கி.மீ.தான் என்றால், ஒரே நடையில் 4 + 1.5 + 5 = 10.5 கி.மீ.யில் வேலை முடிந்துவிடும். மிச்சம் 7.5 கி.மீ. இப்படி ஒவ்வொரு ஜோடி வீட்டுக்கும் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டு, பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜோடியாகக் கோத்துக்கொண்டே வரவேண்டும். வண்டி நிறைந்தால் அடுத்த வண்டி. அவ்வளவுதான் வழிமுறை.

கோத்து முடித்த பாதையை மெருகேற்றவும் வழிகள் உண்டு. பாதையை இரண்டு இடங்களில் அறுத்து, நடுத்துண்டை மறுபக்கமாகத் திருப்பி ஒட்டிப் பார்ப்பது ஒன்று. தூரம் குறைந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பழையபடி விட்டுவிடுவது. இன்னும் துணிச்சலான முறைகளில், பாதையின் ஒரு பகுதியையே கலைத்துவிட்டு மறுபடி கட்டுவார்கள். சில நேரம் வேண்டுமென்றே மோசமான மாற்றத்தைக்கூட ஏற்றுக்கொள்வார்கள், சுமாரான விடை என்ற சின்னக் குழிக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. எறும்புக் கூட்டத்தின் நடத்தையிலிருந்து பிறந்த வழிமுறையை 1992-இல் இத்தாலியின் மார்கோ டோரிகோ தன் ஆய்வேட்டில் முன்வைத்தார். பெயர்கள் கவர்ச்சியாக இருப்பதால் பத்திரிகைகள் இவற்றைத்தான் விரித்து எழுதுகின்றன. என் பார்வையில், கவனம் இருக்க வேண்டிய இடம் வேறு.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 'இரண்டுக்கும் இடையே 1.5 கி.மீ.' என்று எழுதினேனே, அந்த எண்ணை யார் கொடுத்தது?

அந்த எண்ணைக் கொடுப்பதுதான் புவியியல் தகவல் முறைமையின், அதாவது ஜி.ஐ.எஸ்.ஸின் வேலை. 1960-களில் கனடாவின் நில வளங்களைக் கணக்கெடுப்பதற்காக ரோஜர் டாம்லின்சன் கட்டியெழுப்பிய இந்த நுட்பம், நிலப்படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. சாலைகள் ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு, ரயில் பாதை, ஏரி, மேடு பள்ளம் எல்லாம் தனித்தனி அடுக்கு. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் நீளம், அகலம், ஒருவழியா இருவழியா, தார் போட்டதா மண்ணா என்ற விவரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். டிப்போவையும் சேர்த்து 21 இடங்கள் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இருபதுக்கும், ஆக 420 தூரங்கள் வேண்டும். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதை வழிமுறையும், அதைப் பல்லாயிரம் மடங்கு வேகப்படுத்த ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே பல்கலைக்கழகத்தார் 2008-இல் கண்ட உத்திகளும் இந்த 420 எண்களைக் கணநேரத்தில் தந்துவிடுகின்றன. ஹியூரிஸ்டிக் அந்த அட்டவணையை மட்டும்தான் பார்க்கிறது. மண்ணை அது பார்ப்பதே இல்லை.

தங்கவயலின் மண்ணோ சாதாரண மண் இல்லை.

இந்த ஊரை வெளியுலகுக்குக் காட்டியதே ஒரு நில அளவையாளர்தான். 1802-இல் மைசூர் ராஜ்ஜியத்தின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்த லெஃப்டினன்ட் ஜான் வாரன், இங்கே மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்து, உரிகத்தையும் மாரிகுப்பத்தையும் பற்றி அறிக்கை எழுதினார். பின்னாளில் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பையும் ஏற்ற மனிதர் அவர். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபிறகு வடக்கிலிருந்து தெற்காக பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று சுரங்கங்கள் வரிசை கட்டின. காரணம் தரைக்கடியில் இருந்தது. கோலாரின் தங்கப் பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. பாறை ஓடிய திசையில் சுரங்கம் ஓடியது. சுரங்கம் ஓடிய திசையில் ஊரும் ஓடியது. அதனால்தான் தங்கவயல் வட்டமாக வளராமல் நீளமான பட்டையாகக் கிடக்கிறது. ராபர்ட்சன்பேட்டை மட்டும் திட்டமிட்டு அமைத்த ஊர். முதல் கிராஸ், இரண்டாம் கிராஸ் என்று கட்டம் கட்டமாகப் போகும். அங்கே எந்த அல்காரிதமும் சுகமாக வேலை செய்யும். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன்களுக்குள் நுழைந்ததும்தான் கதை மாறுகிறது.

லைன்களுக்கு நடுவே சயனைடு மேடுகள் நிற்கின்றன. பாறையைப் பொடித்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சாம்பல் நிற மண்ணை நூறாண்டுக்கு மேல் கொட்டிக்கொட்டி எழுந்த குன்றுகள். மொத்தம் 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன், 1,003 ஏக்கர் பரப்பு. மேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு லைன், அந்தப்பக்கம் ஒரு லைன். பறவைக்கு அது 1.5 கி.மீ.; பைக்குக்கு மேட்டைச் சுற்றி, ரயில்வே கேட்டையும் தாண்டி 4 கி.மீ. ஆகலாம்.

கிளார்க்–ரைட் கணக்கை இப்போது மறுபடி போட்டுப் பார்ப்போம். 'அ', 'ஆ' ஜோடியின் மிச்சம் 7.5 கி.மீ. என்றிருந்தது. டிப்போவிலிருந்து 4.5 கி.மீ. தூரத்தில் 'இ' என்று மூன்றாவது வீடு ஒன்றும் இருக்கிறது. 'அ'-விலிருந்து 'இ'-க்குச் சாலை வழியாக 2.5 கி.மீ. அந்த ஜோடியின் மிச்சம் 4 + 4.5 – 2.5 = 6. நேர்கோட்டுத் தூரத்தை நம்பிய கணினி 7.5-தான் பெரிது என்று 'அ'-வையும் 'ஆ'-வையும் முதலில் கோத்துவிடும். உண்மையான சாலைத் தூரமான 4 கி.மீ.யைப் போட்டால் அந்த மிச்சம் 5 ஆகச் சுருங்குகிறது. 'அ'-வும் 'இ'-யும்தான் சேர வேண்டியவை. ஒரே ஓர் எண் தப்பானதால் பட்டியலின் வரிசையே புரண்டுவிடுகிறது. முதல் ஜோடி தப்பாகக் கோக்கப்பட்டால், அதன்மீது கட்டப்படும் மீதிப் பாதையும் தப்பாகவே வளரும். எறும்பு முறை வந்தாலும் வேறெந்த முறை வந்தாலும், அந்த எண்ணைச் சந்தேகப்பட அவற்றுக்குத் தெரியாது. புத்திசாலித்தனமான வழிமுறையைத் தேடி மூன்று மாதம் செலவழிப்பதைவிட, மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து சாலையைச் சரியாக வரைவது அதிகப் பலன் தரும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தூரம் சரியானாலும் போதாது, வீடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தங்கவயலுக்கு ஒரே பின்கோடு கிடையாது. சாம்பியன் ரீஃப்ஸுக்கு 563117, கோரமண்டலுக்கு 563118, மாரிகுப்பத்துக்கு 563119 என்று சுரங்கப் பகுதிக்கு ஒன்றாகப் போகும். அதற்குக் கீழே இறங்கினால் லைன் பெயரும் கதவு எண்ணும். அதற்கும் கீழே 'கோயிலுக்குப் பின்னால்', 'கிஃபர்ட் ஷாஃப்ட் போகும் வழியில்' என்று ஊர்க்காரருக்கு மட்டும் விளங்கும் அடையாளங்கள். இந்த வரிகளைக் கணினி படித்து அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்ற வேண்டும். முடியாதபோது அது பின்கோட்டுப் பகுதியின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் புள்ளியைக் குத்திவிடும். அந்த இடம் மண்மேட்டின் உச்சியாகக்கூட இருக்கலாம்.

கைப்பேசியின் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்றால், அதற்கும் எல்லை உண்டு. திறந்த வெளியிலேயே அது காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். லைன் வீட்டின் அகலமே சில மீட்டர்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். 5 மீட்டர் பிசகினால் புள்ளி பக்கத்து வீட்டில் விழும். அது பரவாயில்லை, கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். புள்ளி பின்பக்கமாக நகரும்போதுதான் வம்பு. பாதை தேடும் மென்பொருள் ஒவ்வொரு வீட்டுப் புள்ளியையும் அதற்கு மிக அருகிலுள்ள சாலையோடு ஒட்டவைத்துக்கொள்ளும். வாசல் ஒரு சந்தில், முதுகு இன்னொரு சந்தில் என்றிருக்கும் வீட்டுக்கு, பிசகிய புள்ளி முதுகுப் பக்கத்துச் சந்தோடு ஒட்டிவிட்டால், 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று கைப்பேசி சொல்லும். எதிரே இருப்பது கதவில்லாத சுவர். வரிசையின் கோடிவரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வர வேண்டும்.

அஞ்சல் துறை, ஐ.ஐ.டி. ஹைதராபாத்துடனும் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையத்துடனும் சேர்ந்து 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின் இந்தச் சிக்கலுக்கு ஒரு பாதித் தீர்வு. இந்தியா முழுவதையும் 16 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி 16 ஆகப் பிரித்து, இப்படியே பத்து முறை செய்தால் கடைசிக் கட்டத்தின் பக்கம் 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு முறைக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ. ஆக பத்து எழுத்துக் குறியீடு. கட்டத்தின் அளவு லைன் வீட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் குறியீட்டை ஜி.பி.எஸ். காட்டும் இடத்தை வைத்துத்தான் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார் என்றால் அதே 5 மீட்டர்ப் பிசகு உள்ளே வந்துவிடும். அதனால் வீட்டுப் புள்ளியோடு வாசல் புள்ளி என்று இன்னொன்றையும் சேமிக்க வேண்டும். வண்டி எதுவரை போகும், எங்கிருந்து நடக்க வேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும். இவை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் கிடைக்காத விவரங்கள்.

மூன்றாவது சிக்கல் நேரம். சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதன்பிறகு இந்த ஊரின் பிழைப்பு பெங்களூர் ரயிலில் ஏறிக்கொண்டது. சுரங்கத்துக்காக 1890-களில் போட்ட பங்காருப்பேட்டை–மாரிகுப்பம் பாதையில் விடிகாலையில் ஆயிரக்கணக்கானோர் கிளம்பி, இருட்டியபிறகு திரும்புகிறார்கள். பகல் 11 மணிக்குப் பார்சலோடு போய்க் கதவைத் தட்டினால் பூட்டு தொங்கும். அல்லது கையெழுத்துப் போட, ஓ.டி.பி. சொல்ல ஆள் இருக்காது. திரும்பக் கொண்டுபோய் மறுநாள் மறுபடி வர வேண்டும். எவ்வளவு அழகான பாதையைக் கணினி போட்டுக்கொடுத்திருந்தாலும் அந்த இரண்டாவது நடை எல்லா மிச்சத்தையும் விழுங்கிவிடும். 1987-இல் மேரியஸ் சாலமன் இப்படி நேர வரம்புள்ள கணக்குகளுக்கென்றே ஒரு வழிமுறை தந்தார். ஒரு வீட்டைப் பாதையில் எங்கே செருகினால் மற்ற வீடுகளின் நேரம் கெடாமல் இருக்கும் என்று பார்த்துப்பார்த்துச் செருகுவது அது. தங்கவயலுக்கு ரயில் நேர அட்டவணையையும் ஓர் அடுக்காக ஜி.ஐ.எஸ்.ஸில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊரே அந்த அட்டவணைப்படி மூச்சுவிடும்போது, அதை விட்டுவிட்டுப் பாதை போடுவது வீண் வேலை.

இதெல்லாம் ஏதோ பின்தங்கிய ஊரின் தொல்லை, பெரிய நாடுகளில் இப்படியிருக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் யு.பி.எஸ். நிறுவனம் ஓரியன் என்ற பாதைத் திட்ட மென்பொருளைப் பத்தாண்டு உழைத்து உருவாக்கியது. 2016-இல் அதற்கு ஃபிரான்ஸ் எடல்மன் விருது கிடைத்தது. ஏறத்தாழ 55,000 ஓட்டுநர்களின் பாதைகளை வகுத்து, ஆண்டுக்குச் சுமார் 10 கோடி மைல் ஓட்டத்தைக் குறைத்ததாக நிறுவனம் கணக்குச் சொன்னது. ஆனால் அந்த அணியினரைத் திணறடித்தவற்றுள் முக்கியமானது நிலப்படம். கடையில் வாங்கிய வரைபடத் தரவு போதவில்லை. வீட்டுக்குள் போகும் தனிவழி எங்கே திரும்புகிறது, சரக்கு இறக்கும் பின்வாசல் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் தாங்களே திருத்தித் திருத்திச் சேர்த்தபிறகே, ஓட்டுநர்கள் ஏற்கக்கூடிய பாதைகளை அந்த மென்பொருள் போடத் தொடங்கியது.

2021-இல் அமேசானும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய போட்டியும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடியுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் உண்மையில் எந்த வரிசையில் போனார்கள் என்ற பதிவுகளைக் கொடுத்து, புதிய நாளுக்கு அவர்கள் எப்படிப் போவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். இந்தத் துறையின் ஜாம்பவான்களான வில்லியம் குக், ஸ்டீஃபன் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கான் மூவரும் முதல் பரிசை வென்றார்கள். ஓட்டுநர்கள் ஒரு வட்டாரத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த வட்டாரத்துக்குப் போகிறார்கள், அந்த வட்டார வரிசைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைப் பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்து, அதை நிபந்தனைகளாக மாற்றி, நன்கு பழகிய ஹியூரிஸ்டிக் தேடலுக்குள் புகுத்தியதே அவர்களுடைய வெற்றியின் சாரம். வண்டியோட்டுபவரின் தலைக்குள் இருக்கும் ஊர், வரைபடத்தில் இருக்கும் ஊரைவிட முழுமையானது என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டுமா?

தங்கவயல் அளவிலான ஓர் ஊருக்கு இத்தனை கணினி பலமும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு அட்லான்டா நகரத்தினுடையது. 1980-களின் தொடக்கத்தில், வெளியே வர முடியாத முதியவர்களுக்குச் சமைத்த உணவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்த ஒரு தொண்டு அமைப்பு அங்கே இருந்தது. பணமில்லை, கணினியில்லை, உணவு பெறுவோர் பட்டியல் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்த்தோல்டியும் லோரன் பிளாட்ஸ்மனும் அவர்களுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஊர்ப் படத்தின்மீது ஒரே கோடு, எங்கும் அறுபடாமல், எல்லாப் பகுதிகளையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒரே இழை அத்தனை புள்ளிகளையும் வளைத்து வந்து சேரும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொண்டால் போதும். அந்தக் கோட்டில் ஒவ்வொரு வீடும் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதை, படத்தின் கட்ட எண்களை வைத்து ஓர் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதி, எண் வரிசைப்படி அடுக்கிவிட வேண்டும். அட்டைகளின் வரிசைதான் பாதை. நான்கு வண்டி என்றால் அட்டைக் கட்டை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஓர் அட்டையைச் செருகு, ஒருவர் விலகினால் உருவு. மொத்தச் செலவு 50 டாலருக்கும் குறைவு. ஓட்டம் முன்பைவிட 13 விழுக்காடு குறைந்தது என்று 1983-இல் எழுதினார்கள். இந்த முறையில் வரும் பாதை ஆகச் சிறந்த பாதையைவிட சராசரியாக 25 விழுக்காடு நீளமாக இருக்கும் என்பதையும் அவர்களே மறைக்காமல் சொன்னார்கள்.

 

அட்லான்டா முறையைத் தங்கவயலில் அப்படியே வைக்க முடியாது. கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்களுக்கு நடுவே மண்மேடு வந்து நிற்கும். ஆனால் அட்டை முறையின் பலமே இதுதான்: இடம் தெரிந்தவர் அந்த இரண்டு அட்டைகளையும் கையால் பிரித்துவைத்துவிட்டுப் போகலாம். மென்பொருள் செய்பவர்கள் இந்த வசதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பாதையைத் திருத்தும் உரிமை அதில் போகிறவரின் கையில் இருக்க வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து ஒரு படி மேலே ஏறினால் ரேஷன் கடை. ஜி.ஐ.எஸ்.ஸும் வழித்திட்டக் கணக்கும் நம் நாட்டில் பெரிய அளவில் கைகோத்திருக்கும் இடங்களுள் ஒன்று அது. 2024 டிசம்பர் 5-ஆம் தேதி மத்திய உணவு அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி 'அன்ன சக்ரா' என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் ஐ.ஐ.டி. டெல்லியின் தொழில்நுட்ப மாற்ற அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. ஏறத்தாழ 4.37 லட்சம் நியாய விலைக் கடைகளையும் 6,700 கிடங்குகளையும் நிலப்படத்தில் பொருத்தி, எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எந்த வழியாக அரிசியும் கோதுமையும் போக வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. பக்கத்திலேயே கிடங்கு இருக்க, நிர்வாக எல்லைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது என்பதற்காகத் தொலைவிலிருந்து மூட்டை வருவதைப் பழக்கத்தால் யாரும் கேள்வி கேட்காத இடங்களில் இது உடனே பலன் தரும். எந்தக் கிடங்குக்கு எந்தக் கடை என்ற ஒதுக்கீட்டுப் பகுதியைத் துல்லியமாகவே தீர்க்கலாம்; லட்சக்கணக்கான கடை என்றாலும் கணிதம் அதற்கு இடம் தருகிறது. ஒரு லாரி பல கடைகளுக்கு இறக்கிக்கொண்டே போகும் கடைசிக் கட்டத்தில்தான் ஹியூரிஸ்டிக் தேவைப்படுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் தெருவின் அகலமும், கேட் மூடும் நேரமும், மழையில் எந்த மண்பாதை சறுக்கும் என்பதும் வந்து நிற்கின்றன.

தங்கவயலின் நிலப்படத்தை ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை ஓடுகிறது. 2024 இறுதியில் வண்டிகள் அதில் போகத் தொடங்கியதும், பெங்களூர்க் கிடங்கிலிருந்து இந்த ஊருக்கு வரும் சரக்கின் நேரக் கணக்கு மாறியது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, அந்த 13 சயனைடு மேடுகளிலும் மேற்பரப்புச் சுரங்கம் நடத்தும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. மண்ணில் மிஞ்சியிருக்கும் தங்கத்துக்காக மேடுகளை வெட்டத் தொடங்கினால், டிப்பர் லாரிகள் ஓடும் சாலைகளில் பைக்கின் வேகம் குறையும். பின்னாளில் மேடு கரைந்த இடத்தில் புதுப்பாதைகள் திறக்கும். அட்டவணையின் 420 எண்களில் எவை எப்போது பழசாயின என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த யாராவது யார்? இன்றைய நிலையில் பைக்கில் போகிறவர்தான். தப்பான புள்ளியைப் பார்த்து, வாசல் இந்தப்பக்கம் என்று கண்டுபிடித்து, அடுத்த முறை நேராக அங்கே போகிறார். அவருடைய கைப்பேசி ஒவ்வொரு நொடியும் அதைப் பதிவு செய்துகொள்கிறது. அந்தப் பதிவுகளிலிருந்து வாசல் புள்ளிகளையும் சந்துகளையும் கணினி கற்றுக்கொள்கிறது. ஊரின் அறிவு இப்படித்தான் சர்வருக்குப் போகிறது. அதற்கு அவருக்குத் தனியாகக் கூலி எதுவும் கிடைப்பதில்லை. அவர் விலகிய பாதையைப் 'பிசகு' என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைக்கும் கணக்கும் உள்ளே இருக்கலாம், அதை அறிய அவருக்கு இதுவரை வழி இருந்ததில்லை. கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் நலச் சட்டம் இதில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குப் போகும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதிக்கு நிறுவனங்கள் கட்ட வேண்டும் என்பதோடு, தானியங்கி முறைகள் தொழிலாளியின் வேலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை அவருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அந்தப் பிரிவை வெறும் விளக்கக் கடிதத்தோடு முடித்துவிடக் கூடாது. பாதை ஏன் இப்படிப் போடப்பட்டது என்று கேட்கவும், மேடு இருக்கிறது, கேட் இருக்கிறது, வாசல் மறுபக்கம் என்று திருத்தவும், திருத்தியதற்கு ஊதியம் பெறவும் செயலியிலேயே இடம் வேண்டும். அந்தத் திருத்தங்களை ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் ஏற்றினால், அதே சந்துக்குள் வர வேண்டிய ஆம்புலன்ஸும் சிலிண்டர் வண்டியும் தண்ணீர் லாரியும் தபால்காரரும் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். தங்கவயல் நகரசபை முதலில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: லைன் பெயர்களையும் கதவு எண்களையும் சந்துகளின் அகலத்தையும் கொண்ட ஒரு பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவது.